பதினெட்டுப் பலம்

காவிரிக்கரையில் பிறந்தவளுக்கு அருப்புக்கோட்டை வெளிநாடுதான். நடுவில் கடல் இல்லை, அவ்வளவே. பாஷை ஒன்று, ராஜாங்கமும் ஒன்று. ஆனால் ஆகாயம் வேறு, மண் வேறு, தட்டில் விழுகிற சோறும் வேறு. யுத்தம் முடிந்த மறுவருஷம், கும்பகோணத்தில் பெண்கள் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்த என்னை ஒரு வாரத்துக்கு இந்த வெளிநாட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

காரியம் இதுதான். மூன்றாம் வகுப்போடு நின்றுபோகிற சில கிராமப் பள்ளிக்கூடங்கள் நாலாம் வகுப்பு கேட்டு மனுப் போட்டிருந்தன. கொடுக்கலாமா, கூடாதா என்று பிள்ளைகளைச் சோதித்துச் சொல்ல வேண்டும். இந்தத் தடவை வாய்ப்பாடு ஒப்பிப்பதெல்லாம் கிடையாது, எல்லாம் கையால் செய்துகாட்ட வேண்டும். கயிறு பிடித்துச் சுவரை அளக்க வேண்டும், கலந்து கிடக்கிற தானியத்தை இனம் பிரித்துப் பெயர் சொல்ல வேண்டும், தராசில் ஒரு பையை நிறுத்துச் சொல்ல வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் நாலாம் வகுப்பு இல்லை. இந்தச் செய்முறைச் சோதனைதான் உயர்ந்தது என்று வருஷக்கணக்காகப் பேசித் திரிந்தவள் நான். சரி, நீயே போய்ச் செய்துகாட்டு என்று தகரப் பெட்டியை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

பெட்டிக்குள் அளவுக் கயிறு, தானியப் பொட்டலங்கள், பித்தளைத் தராசு, எடைக்கற்கள், அறிக்கைக்கு முத்திரை வைக்க அரக்கு. நிறுப்பதற்கென்று காவிரி மணலைக் கழுவிக் காயவைத்து ஒரு காடாத் துணிப்பையில் போட்டு நானே வாயைத் தைத்திருந்தேன். கும்பகோணத்தில் மூன்று தடவை நிறுத்துப் பார்த்தது: சரியாக இருபது பலம், அதாவது அரை வீசை. இந்த எண்ணை என் நோட்டுப் புத்தகத்தைத் தவிர வேறு யாருக்கும் நான் சொல்லவில்லை.

முதல் நாள் அருப்புக்கோட்டை. தெருவுக்குத் தெரு தறிச் சத்தம். எங்கள் ஊரில் வாய்க்கால் சத்தம் எப்படியோ இங்கே இது அப்படி. கடையில் கருப்பட்டிச் சீரணி என்று ஒரு மிட்டாய் வாங்கினேன். ஜிலேபிக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி இருந்தது. சாப்பிட்டுவிட்டு இன்னும் கால் வீசை வாங்கிக்கொண்டேன். அந்தக் கால் வீசையும் திருச்சுழி போய்ச் சேர்வதற்குள் தீர்ந்துபோனதை அறிக்கையில் நான் குறிப்பிடவில்லை.

பஸ் கரியில் ஓடுகிற பஸ். யுத்தம் போய்விட்டது, பெட்ரோல் இன்னும் திரும்பவில்லை. பின்னால் ஒரு பீப்பாயில் கரி வேகிறது, அந்தப் புகையில் வண்டி நகர்கிறது. பயணம் செய்கிறோமா சமையல் செய்கிறோமா என்று சந்தேகமாக இருந்தது. நாலாவது மைலில் ஒரு மேடு வந்தது. பஸ் பெருமூச்சு விட்டு நின்றது.

“எல்லாரும் எறங்குங்க, மேடு வந்திருச்சு” என்றார் கண்டக்டர்.

“டிக்கெட்டும் வாங்கிக்கிட்டு, தள்ளவும் சொல்றீகளே?” என்றார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்த ஒரு சம்சாரி.

“தள்ளுறதுக்குத் தனியா டிக்கெட்டு கேக்கலேல்ல?”

பெண்கள் கருவேல மரத்துக்கு அடியில் ஒதுங்கினோம். ஆண்கள் தள்ளினார்கள். பஸ் திடீரென்று உயிர் பெற்றுத் துள்ளிய துள்ளலில் கூரை மேலிருந்த என் தகரப் பெட்டி ரோட்டில் வந்து விழுந்தது. நான் கத்திய கத்தலுக்கு மரத்திலிருந்த காக்கைகூடப் பறந்தது. கண்டக்டர் அசரவில்லை. “பொட்டி அதுவா எறங்கிருச்சும்மா. நீங்க எறங்கினதப் பாத்திருக்கும்” என்றார். கோபத்தோடு கோபமாகச் சிரிப்பும் வந்துவிட்டது.

திருச்சுழியில் நான் தங்கிய முசாபரி பங்களாவில் பெட்டியைத் திறந்து பார்த்தேன். மணல் பை தப்பியது, பொட்டலங்களும் தப்பின. தராசுக்கோலின் இடது நுனியிலிருந்த கொக்கி மட்டும் பிய்ந்துபோயிருந்தது. இதற்கெல்லாம் கொல்லரைத் தேடுகிறவளா நான்? கொக்கிக்குப் பதிலாக நுனியிலிருந்து ஒரு விரற்கடை உள்ளே தள்ளி, நல்ல நூல் கயிற்றால் தட்டை இறுகக் கட்டினேன். இடது தட்டு மேலே ஏறி நின்றது. அரக்கை உருக்கி அந்தத் தட்டின் அடியில் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொண்டே வந்தேன். முள் நடுவில் வந்து நேராக நின்றது. வெறுந்தட்டுகள் இரண்டும் ஒரே மட்டத்தில் தொங்கின. எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டு, பங்களாக் காவல்காரர் கொண்டுவந்த குதிரைவாலிச் சோற்றையும் தட்டப்பயற்றுக் குழம்பையும் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

இரண்டாம் நாள், திருச்சுழியிலிருந்து ஐந்து மைல் தள்ளி இருந்த முதல் கிராமம். ஊர்ப் பெயரை எழுதினால் டீச்சருக்குப் பிடிக்காது, விட்டுவிடுகிறேன். டீச்சரின் பெயர் அன்னம்மாள். கிறிஸ்தவர், என் வயதுதான் இருக்கும், நாற்பதுக்கு உள்ளே. ஓலைக் கொட்டகையில் மூன்று வகுப்புக்கும் அவர் ஒருவரே. அவர் வீட்டுக்காரர் ஒற்றை மாட்டு வண்டி கொண்டுவந்து என்னை ஏற்றிப் போனார். வழி நெடுக வாய் திறக்கவில்லை, இறங்கும்போது மட்டும், “அவ மூணு நாளாத் தூங்கலைம்மா” என்றார்.

ஏன் என்று போனதும் தெரிந்தது. மூன்றாம் வகுப்பில் பதினொரு பேர். அதில் ஏழு பெண் குழந்தைகள்.

“ஆம்பளப் பிள்ளைக எப்படியும் திருச்சுழிக்கு நடந்து போயிருவாங்க. இதுகள அஞ்சு மைலு அனுப்ப மாட்டாக. நாலாம் வகுப்பு இங்க வந்தா இதுக படிக்கும். வரலேன்னா நாளைக்கே ஆட்டுக்குப் பின்னால போயிரும்” என்றார் அன்னம்மாள். கெஞ்சவில்லை. இன்றைக்கு வெயில் அதிகம் என்று சொல்கிற மாதிரி சொன்னார். எனக்கு அது நெஞ்சில் தைத்தது. நானும் ஒரு காலத்தில் நாலாம் வகுப்புக்குப் போகலாமா கூடாதா என்று வீட்டில் பஞ்சாயத்து வைக்கப்பட்டவள்தான்.

அளவுச் சோதனையைப் பிள்ளைகள் ஊதித் தள்ளிவிட்டார்கள். தானியச் சோதனையில் என் மானம்தான் போனது. சீனியம்மா என்று ஒரு பெண், எண்ணெய் வழிய இரட்டைப் பின்னல் போட்டிருந்தாள். பொட்டலத்தைக் கொட்டி, உள்ளங்கையில் கொஞ்சம் அள்ளித் தேய்த்து, வாயால் ஊதிப் பார்த்துவிட்டு, “இது குதிரவாலி” என்றாள். என் நோட்டில் சாமை என்று எழுதியிருந்தது. கும்பகோணத்துக் கடைக்காரர் சொன்னதை அப்படியே நம்பி எழுதியது. அன்னம்மாளைப் பார்த்தேன். அவர் மிகவும் மரியாதையாகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேற்று இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்ட சோற்றையே எனக்கு அடையாளம் தெரியவில்லை. சீனியம்மாவுக்கு முழு மார்க் போட்டேன்.

பிறகு தராசு. பிள்ளைகளை வெளியே வாகை மரத்தடியில் உட்காரவைத்து, ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டேன். பை இடது தட்டில், எடைக்கல் வலது தட்டில். ஒரே ஒரு தடவைதான் நிறுக்கலாம். முடித்தவர்கள் கொட்டகைக்குப் பின்னால் போய்விட வேண்டும். முதல் பையன் நிறுத்துவிட்டு, “பதினெட்டுப் பலம்” என்றான். தவறு என்று குறித்துக்கொண்டேன். அடுத்தவள், “பதினெட்டு.” அதற்கு அடுத்தவனும் பதினெட்டு. நாலாவதாக வந்த சீனியம்மா பதினெட்டுக் கல்லை வைத்துப் பார்த்தாள், முகத்தைச் சுளித்தாள், பையைத் தூக்கி வலது தட்டுப் பக்கம் கொண்டுபோனாள்.

“தொடாதே! ஒரு தடவைதான் என்று சொன்னேனா இல்லையா?”

என் குரலைப் பற்றிப் பயிற்சிப் பள்ளி மாணவிகளைக் கேட்டால் சொல்வார்கள். குழந்தை பையைக் கீழே வைத்துவிட்டது. “பதினெட்டு” என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனது.

பதினொரு பேரும் பதினெட்டு. பிள்ளைகள் தவறுவது சகஜம், ஆனால் தவறினால் ஆளுக்கொரு பக்கம் தவற வேண்டாமா? பதினொரு பேரும் கைகோத்துக்கொண்டு ஒரே குழியில் விழுவார்களா? யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. தோன்றியதோடு நிற்காமல் அன்னம்மாளிடம் சொல்லியும்விட்டேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. “எம்பிள்ளைக எடையில தப்பாதுகம்மா. அப்படியே நான் சொல்லிக் குடுத்திருந்தாலும், தப்பாவா சொல்லிக் குடுப்பேன்?”

அழகான கேள்வி. பதில் இல்லாதபோது எனக்குக் கோபம் இரட்டிப்பாகும், அது என் ஜாதகம். வருகிற அதிகாரிகள் குறிப்பு எழுதுகிற பள்ளியின் பார்வைப் புத்தகத்தை வாங்கி, மசியால் எழுதினேன்: “நிறுத்தலில் ஒருவரும் தேறவில்லை. விடைகள் முன்கூட்டிப் பேசிவைத்தவை எனத் தெரிகிறது. நாலாம் வகுப்புக்குச் சிபாரிசு செய்ய இயலாது.” கையெழுத்தும் போட்டேன். அன்னம்மாள் படித்துப் பார்த்தார். மசி காய ஊதினார். பிறகு, “சாப்பிட்டுட்டுப் போங்கம்மா” என்றார். கம்பஞ்சோறும் முருங்கைக்கீரையும். அந்த வாரம் முழுவதிலும் நான் இரண்டாவது தடவை கேட்காத சாப்பாடு அது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் நரிக்குடி. கண்மாயில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. அதைக் கண்டதும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி கரையில் போய் நின்றுகொண்டேன். அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு உள்ளூர்த் திருவிழா விடுமுறை என்று போன பிறகுதான் சொன்னார்கள். எங்கு பார்த்தாலும் ஆடுகள். ஒன்று என் குடையைத் தின்னப் பார்த்தது. அறிக்கையை எழுதி முடித்து உறையில் போட்டேன், முத்திரை வைக்கலாம் என்று பார்த்தால் அரக்கு இல்லை. எல்லாம் தட்டின் அடியில் இருந்தது. சரி, ஊருக்குப் போய் ஒட்டிக்கொள்ளலாம் என்று பைக்குள் வைத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் வீரசோழன். பெரிய முஸ்லிம் கிராமம், வியாபாரிகள் ஊர். அன்றைக்குச் சந்தை வேறு. பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் மிளகாய் வற்றலையும் கருப்பட்டியையும் ஆடுகளையும் தாண்டிப் போக வேண்டியிருந்தது. தலைமையாசிரியர் தங்கமான மனிதர். வந்ததும் வராததுமாக இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணீரும், சூடாகச் சுட்ட ஒரு பணியாரமும் கொண்டுவரச் செய்தார். நான் வாசல் பக்கம் திரும்பிப் பணியாரத்தில் முழுகியிருந்த நேரத்தில் உள்ளே முதல் ஆளாக ரஹ்மத் என்ற பெண் நிறுத்துக்கொண்டிருந்தாள். எடைக்கற்கள் கிண்கிண்ணென்று இரண்டாம் தடவையும் சத்தம் போட்டன. திரும்பிப் பார்த்தேன். பை வலது தட்டில் இருந்தது, கற்கள் இடது தட்டில் இருந்தன.

“இங்கிட்டு வச்சா பதினெட்டு” என்றாள் ரஹ்மத். “மாத்தி அங்கிட்டு வச்சா இருவத்திரண்டுக்கும் மேல போகுது. எதம்மா எழுதணும்?”

“தட்டை மாற்றச் சொன்னது யார்?” என்று குரலை எடுத்தேன்.

அவள் பயப்படவே இல்லை. என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம்தான் இருந்தது. “யாரு சொல்லணும்? நிறுத்தா மாத்திப் பாக்கணுமில்ல? ஒங்க தராசு பொய் சொல்லுதும்மா.”

தலைமையாசிரியர் இருமினார். “நம்ம பக்கம் சந்தையில அது வழக்கம்மா. யாரு எதை நிறுத்தாலும், வாங்குறவுக ‘தட்டு மாத்து’ம்பாக. நிறுக்கிறவரும் மாத்திக் காட்டுவாரு. கூடப்பிறந்த தம்பி கடையானாலும் மாத்தாம வாங்க மாட்டாக. இதுல யாருக்கும் கோவம் கிடையாது. பிள்ளைக நடக்கப் பழகுறப்பவே அதையும் பழகிரும்.”

நான் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பயிற்சிப் பள்ளியில் தராசுப் பாடம் நடத்துகிறவள் நான். கோலின் இரண்டு கையும் சமமாக இல்லாவிட்டால், வெறுந்தட்டு நேராக நின்றாலும் சுமை ஏறியதும் எடை பொய்யாகும் என்று கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருக்கிறேன்! ஒரு விரற்கடை உள்ளே தள்ளிக் கட்டியது நான், அது வெளியே தெரியாதபடி அரக்கு வைத்து மூடியதும் நான். அந்தத் தராசில் இடது பக்கம் வைத்த இருபது பலம் பதினெட்டாகத்தான் நிற்கும். பதினொரு பிள்ளைகளும் கண்ணால் கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள். ஒருத்தி தட்டை மாற்றவும் போனாள். அவளைத் தொடாதே என்று அதட்டியது யார்?

கையிலிருந்த பாதிப் பணியாரத்தைக் கீழே வைத்தேன்.

என் புத்தி போன போக்கையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அறிக்கை ஒட்டாமல் என் பையில்தான் இருந்தது. அதைக் கிழித்துவிட்டு, தேர்ச்சி என்று வேறொன்று எழுதிப் போட்டால் நாலாம் வகுப்பு வந்துவிடும், நானும் நேரே அருப்புக்கோட்டை போய்ச் சீரணி வாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேரலாம். யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் பார்வைப் புத்தகத்தில் என் மசி இருந்தது. இனிமேல் அந்தக் கொட்டகைக்கு வருகிற ஒவ்வொரு அதிகாரியும் அன்னம்மாள் டீச்சர் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லிக்கொடுத்தவர் என்று படிப்பார். அந்த மசியை அவர் ஊதிக் காயவைத்தது கண்ணுக்குள்ளேயே நின்றது. வீரசோழன் பிள்ளைகளைத் தலைமையாசிரியர் சந்தையிலிருந்து இரவல் வாங்கித் தந்த தராசில் சோதித்து முடித்தேன். எல்லோரும் தேறினார்கள். “திருச்சுழிப் பக்கம் போக வண்டி கிடைக்குமா?” என்று கேட்டேன்.

மறுநாள் காலை கிடைத்தது மிளகாய் வற்றல் ஏற்றிய மாட்டு வண்டி. மூட்டைகளின் உச்சியில் எனக்கு ஆசனம். முதல் மைலுக்குள் பதினேழு தும்மல் எண்ணினேன், பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

“அண்ணே, இதற்கு ஏதாவது வழி உண்டா?” என்று வண்டிக்காரரைக் கேட்டேன்.

“மேல ஒக்காந்தா தும்மலு, கீழ எறங்கி நடந்தா முள்ளு. எது வேணுமோ எடுத்துக்கங்க” என்றார். கொஞ்ச தூரம் போனதும் திரும்பிப் பார்த்து, “அப்படி என்னம்மா அவசரம்?” என்றார்.

“ஒரு தப்புச் செய்துவிட்டேன், திருத்தப் போகிறேன்.”

“அதுக்கா இம்புட்டுத் தூரம்? ஒரு லெட்டரு போட்டாப் பத்தாதா?”

“பத்தாது” என்று சொல்லித் தும்மினேன்.

கண்ணும் மூக்கும் சிவந்து, புடவையெல்லாம் புழுதியாகக் கொட்டகை வாசலில் போய் இறங்கியபோது, நான் வழியெல்லாம் அழுதுகொண்டு வந்ததாக அன்னம்மாள் நினைத்துவிட்டார். ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். மிளகாய் என்று சொல்வதற்குள் மறுபடி தும்மல். தண்ணீர் குடித்ததும், சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். “டீச்சர், உங்கள் பிள்ளைகள் சொன்னதுதான் சரி. என் தராசு தப்பு. தராசைத் தப்பாகக் கட்டினவள் நான். உங்களைச் சந்தேகப்பட்டது அதைவிடப் பெரிய தப்பு. என்னை மன்னிக்க வேண்டும்.”

அவர் உள்ளே திரும்பி, “ஏய் சீனியம்மா, இங்க வா” என்று கூப்பிட்டார். “அன்னைக்கு அம்மா தராசுல என்ன செய்யப் போன?”

சீனியம்மா என்னைப் பார்த்தாள். என் குரல் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது போலிருக்கிறது, இரண்டடி தள்ளியே நின்றாள்.

தராசை எடுத்து முன்னால் வைத்து, “தொடலாம்” என்றேன். “எத்தனை தடவை வேண்டுமானாலும் தொடலாம்.”

அவள் வந்து நிறுத்தாள், மாற்றி நிறுத்தாள். தட்டைக் கவிழ்த்து அடியில் இருந்த அரக்கைப் பார்த்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பதினொரு பிள்ளைகளும் மொய்த்துக்கொண்டார்கள். “ஏலே, அரக்கு வச்சிருக்குடா!” என்று ஒருவன் கூவினான். சந்தையில் கள்ளத் தராசுக்காரர் அகப்பட்டால் அவரை எப்படிப் பார்ப்பார்களோ அப்படி எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சிரித்தேன். அப்புறம் அவர்களும் சிரித்தார்கள். கடைசியில் அன்னம்மாளும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பசி திரும்பியது.

பார்வைப் புத்தகத்தைக் கேட்டேன். அன்றைக்கு எழுதிய பக்கத்தைக் கிழித்துவிடுகிறேன் என்றேன். அன்னம்மாள் புத்தகத்தைக் கொடுத்தார், ஆனால் அந்தப் பக்கத்தின் மேல் வைத்த விரலை எடுக்கவில்லை.

“கிழிக்க வேண்டாம்மா. அது அப்பிடியே இருக்கட்டும், பக்கத்துல இதையும் எழுதுங்க. வாரவுக ரெண்டையும் படிக்கட்டும். தட்டு மாத்தி நிறுத்த மாதிரி இருக்கும்.”

எழுதினேன்: “மேற்கண்ட குறிப்பு என் தராசின் பிழையால் நேர்ந்தது. தராசின் பிழை என்னுடையது. பிள்ளைகள் பதினொருவரும் கண்டதைக் கண்டபடி சொன்னார்கள். அவர்களில் ஒருத்தி பிழையைக் கண்டுபிடிக்கப் போனபோது நான் தடுத்தேன். நாலாம் வகுப்புக்கு மனமாரச் சிபாரிசு செய்கிறேன்.” இந்தத் தடவை மசியை நானே ஊதிக் காயவைத்தேன். அன்றைய கம்பஞ்சோற்றை மூன்று தடவை கேட்டு வாங்கினேன்.

பள்ளிக்கூடம் திறக்கிற மாசத்தில் கும்பகோணத்துக்கு ஒரு கார்டு வந்தது. அன்னம்மாளின் கையெழுத்து. நாலாம் வகுப்பு ஆரம்பித்தாயிற்று, ஏழு பெண்களும் வந்துவிட்டார்கள், சீனியம்மா முதல் பெஞ்சில் உட்காருகிறாள் என்று எழுதியிருந்தார். ஓரத்தில் இடம் போதாமல், கார்டைத் திருப்பிப் பிடித்துப் படிக்க வேண்டிய பொடி எழுத்தில் கடைசியாக ஒரு வரி:

“பள்ளிக்குச் சொந்தத் தராசு வாங்கியிருக்கிறோம். அதில் நீங்கள் ஒருமுறை தட்டு மாற்றிப் பார்க்காமல் நிறுக்கத் தொடங்க மாட்டோம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். எப்போது வருகிறீர்கள்?”